நெகடிவ் யாருடைய அலுமாரியில்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய போட்டோ வைத்திருப்பவர்களும், போனில் ஆயிரக்கணக்கில் எடுத்து வைத்திருப்பவர்களும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

"போன் நிறைஞ்சிட்டு, போட்டோவ எதுல போட்டு வைக்கிறது நல்லம்?" பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கூகுள் போட்டோஸா, ஐகிளவுடா, பேஸ்புக்கே போதுமா? ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் பெயர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. மாறாமல் நிற்கும் கேள்வி வேறு: படத்தை நாம் பார்க்கிறோம், அதன் நெகடிவ் யாருடைய அலுமாரியில் இருக்கிறது?

கொழும்பில் பிளாட்டே ஸ்டூடியோ தொடங்கியது 1890ஆம் ஆண்டு. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தால் நம் கைக்கு வருவது அட்டையில் ஒட்டிய பிரதி மட்டும். கண்ணாடித் தகட்டில் இருந்த நெகடிவ் பெரும்பாலும் ஸ்டூடியோவிலேயே தங்கிவிடும். வீட்டுப் பிரதி பழுதானால் திரும்பப் போய் இன்னொன்று போட்டு எடுக்கலாம். ஸ்டூடியோ மூடப்பட்டால் அத்தோடு கதை முடிந்தது. இன்றைய ஒன்லைன் சேவையின் நன்மையும் ஆபத்தும் அன்றே அந்த ஏற்பாட்டில் இருந்தன.

பிறகு பிலிம் சுருள் காலம். நெகடிவ் நம் கைக்கு வந்தது. கடையில் கழுவித் தந்த உறையோடு அல்பத்தின் பின்பக்கத்தில் சொருகி, அல்பத்தை அலுமாரியின் கீழ்த் தட்டில் வைத்தோம். பிரதியும் மூலமும் ஒரே தட்டில். அதன் விலை என்னவென்று நம் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெள்ளம்பிட்டிய, கொஹிலவத்த பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அரிசியும் தளபாடமும் திரும்ப வாங்கக்கூடியவை. ஒட்டிப்போன கலியாண அல்பம் அப்படியல்ல. போட்டோத் தாளின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். தண்ணீரில் அது இளகும், காயும்போது அடுத்த பக்கத்தோடு பசைபோல ஒட்டிக்கொள்ளும். (இன்னொரு வெள்ளம் வந்தால் நினைவில் வையுங்கள்: நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிட வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே மெதுவாகப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்புங்கள். முகப்பைத் துடைக்க வேண்டாம்.)

வெள்ளம் மட்டுமல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டு வெளியேறக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். அப்படி வந்த குடும்பங்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் நம்மோடு வாழ்கின்றன. அவர்களுடைய மூத்தம்மாக்களிடம் கலியாணப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அதே யாழ்ப்பாணத்தில் 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை நிரந்தரமாகப் போயின. வேறு கைகளில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஊர் ஊராக ஆட்களிடம் இருந்த பிரதிகளை ஸ்கேன் செய்துதான் வளர்ந்தது.

இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு "கிளவுட்" என்ற சொல் ஆறுதலாகத்தான் இருக்கும். தண்ணீர் ஏறாத, தீ பிடிக்காத இடம் என்று தோன்றும். ஆனால் அந்த அலுமாரிக்கும் ஒரு வரலாறு உண்டு.

பிலிம் என்றாலே கோடக் என்றிருந்த நிறுவனம் 2001இல் ஓஃபோட்டோ என்ற ஒன்லைன் அல்பச் சேவையை வாங்கி, பிறகு கோடக் கேலரி என்று பெயரிட்டது. 2012 ஜனவரியில் கோடக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அதே வருடம் ஜூலையில் கேலரி மூடப்பட்டது. 2004இல் கனடாவில் பிறந்த ஃபிளிக்கரை அடுத்த வருடமே யாஹூ வாங்கியது. 2013இல் ஆளுக்கு ஒரு டெராபைட் இலவசம் என்றார்கள். 2018இல் அது ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த வருடமே இலவசக் கணக்குக்கு இனி 1000 படம்தான் என்று அறிவித்தார்கள். 2017இல் ஃபோட்டோபக்கெட், தன்னிடம் உள்ள படங்களை வேறு தளங்களில் காட்ட வருடத்துக்கு 399.99 டொலர் கேட்டது. 2019இல் மைஸ்பேஸ், சேர்வர் மாற்றும்போது பல வருடத்துப் பாட்டுகளும் படங்களும் அழிந்துவிட்டன என்று அறிவித்தது. கூகுள் போட்டோஸ் 2015இல் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எத்தனை படமும் இலவசம். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. இப்போது 15 ஜீபி மட்டும், அதுவும் ஜீமெயிலோடும் டிரைவோடும் பங்கு. அது நிறைந்தால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். பிள்ளையின் நேர்முகத் தேர்வுக் கடிதம் கலியாண வீடியோவால் வராமல் போகலாம்.

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன. அந்தக் காலப்பகுதிக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கே இந்த நிலை.

இவற்றில் எந்தச் சேவையையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வியாபாரம் என்றால் விலை மாறும், கை மாறும், கடை மூடப்படும். ஸ்டூடியோக்காரரிடம் நம் தாத்தாக்கள் எதிர்பார்க்காத ஒன்றை நாம் இவர்களிடம் எதிர்பார்க்கிறோம். அவ்வளவுதான். ஆகவே ஒரு சேவையைத் தெரிவு செய்யும்போது எவ்வளவு இடம் தருகிறார்கள் என்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, வெளியே எடுக்கும் வழி. மொத்தப் படங்களையும் ஒரே தடவையில் திரும்ப இறக்க முடியுமா? கூகுளில் டேக்அவுட் என்ற வழி 2011 முதல் இருக்கிறது. முதலில் ஒரு மாதத்துப் படங்களை ஏற்றி, அவற்றைத் திரும்ப இறக்கிப் பாருங்கள். திகதியும் தரமும் அப்படியே வந்தால் மட்டும் மிச்சத்தை ஏற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவையும் பேஸ்புக்கையும் சேமிப்பிடமாக நம்ப வேண்டாம். இரண்டும் படத்தைச் சுருக்கித்தான் வைக்கின்றன. வாட்ஸ்அப்பில் படத்தை டொக்கியுமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் படம் எடுத்த இடத்தின் விபரமும் சேர்ந்து போகலாம், கவனம்.

இரண்டு, நமக்குப் பிறகு யார் திறப்பார்? கூகுள் கணக்கு ஒன்றை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு வாப்பா மௌத்தானபின் அவருடைய போனின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாவிட்டால், குடும்பத்தின் இருபது வருடமும் பூட்டிய அறைக்குள் போய்விடும். கணக்கு செயலிழந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று கூகுளில் பதிந்து வைக்கலாம். அப்பிளிலும் அதேபோல ஒருவரை நியமிக்கலாம். ஐந்து நிமிட வேலை. என்டெ என்று ஒரு சேவை இருக்கிறது. மலையாளத்தில் "என்னுடைய" என்று அர்த்தம். அதில் படங்களை நிறுவனமே பார்க்க முடியாதபடி பூட்டி வைப்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாஸ்வேர்டையும் மீட்புச் சொற்களையும் சேர்த்துத் தொலைத்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது. எழுதி, பத்திரங்களோடு வையுங்கள்.

மூன்று, யார் பார்ப்பார்? கலியாண வீட்டுப் பெண்களின் படங்களை "லிங்க் தெரிந்தவர்கள் பார்க்கலாம்" என்று வைத்து, அந்த லிங்கைக் குடும்பக் குழுவில் போடுகிறோம். லிங்க் எத்தனை கைக்குப் போகிறதோ அத்தனை பேரும் பார்ப்பார்கள். பெயர் குறித்து, மின்னஞ்சல் வழியாகப் பகிரும் வசதி இருக்கிறது. லிங்க்தான் வேண்டுமென்றால், எல்லோரும் பார்த்து முடித்தபின் அதை நிறுத்திவிடுங்கள். வகுப்புப் பிள்ளைகளின் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

இந்த மூன்றுக்கும் சரியான சேவை கிடைத்தாலும் அதுவே முழுக் காவல் அல்ல. போனும் சேவையும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், போனில் அழிப்பது அங்கேயும் அழியும். கூகுள் போட்டோஸில் ஏற்றிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐபோனில் 30 நாள். அதன்பின் இல்லை. ஆகவே ஒன்லைனில் ஒரு பிரதி, வீட்டில் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, தண்ணீர் ஏறாத ஊரில் இருக்கும் ராத்தா வீட்டிலோ நானா வீட்டிலோ ஒரு பிரதி. வருடத்துக்கு ஒருமுறை, பெருநாள் போக்குவரத்தோடு அந்த டிஸ்கை மாற்றிக்கொள்ளலாம்.

ஊருக்குப் பொதுவான படங்கள் வேறு வகை. பழைய பாடசாலைக் குழுப் படம், பள்ளிவாசல் கட்டிய காலத்துப் படம், வெள்ளத்தின்போது எல்லா இனத்தவரும் சேர்ந்து சமைத்துப் பகிர்ந்த படம். இவை ஒருவருடைய போனில் மட்டும் இருப்பது ஊருக்கு ஆபத்து. நூலக நிறுவனத்தின் ஆவணகம் தளம் இப்படிப்பட்ட படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறது. உரியவர்களின் சம்மதத்தோடு கொடுக்கலாம்.

அடுத்த போயா லீவில் ஒரு வேலை செய்வோம். வீட்டில் இருக்கும் மிகப் பழைய பத்துப் படங்களை எடுத்து, வெளிச்சம் தெறிக்காமல் போனில் பிடியுங்கள். பிறகு மூத்தவர்களிடம் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். எந்த வருடம், எந்த வீடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படம் எந்த அலுமாரியில் இருந்தாலும், அதில் இருப்பவர்களின் பெயர் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்து முடிக்க வேண்டும்.