மயில்மேல் அமர்ந்த மரணம்: விஸ்வநாததாஸ்

‘காபரே’ என்றதும் நம் நினைவுக்கு வருவது பழைய திரைப்படங்களின் விடுதி நடனம்தான். முதல் உலகப்போருக்குப் பிந்தைய பெர்லினில் அது வேறொன்றாகவும் இருந்தது. பாட்டும் கேலியும் கலந்து அதிகாரத்தைச் சீண்டும் சிறு மேடை. அங்கே பாடகராகவும் குணச்சித்திர நடிகராகவும் விளங்கியவர் கூர்ட் கெரோன். 1928இல் பிரெக்டின் ‘மூன்று காசு இசைநாடகம்’ முதன்முதலாக அரங்கேறியபோது அதன் புகழ்பெற்ற கத்திக்காரன் பாட்டைப் பாடியவர். யூதரான அவரை நாஜிகள் 1944இல் ஆஷ்விட்ஸில் கொன்றனர்.

அதே காலத்தில் நம்மிடமும் பாட்டால் அரசைச் சீண்டிய ஒரு நடிகர் இருந்தார். 1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ்.

பழனி மலையடிவாரத்து ஆயக்குடி போன்ற ஊர்களில் வள்ளி கதை தெரியாதவர் இல்லை. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனக் காவல் காட்சி ஒன்று உண்டு. பறவை விரட்டும் அந்த இடத்தில், மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டைத் தாஸ் புகுத்தினார். வெள்ளைக் கொக்கு யாரென்று சபைக்கும் தெரியும், சபையோடு அமர்ந்திருந்த போலீசாருக்கும் தெரியும்.

1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துச் சட்டம் ஆட்சேபகரமான நாடகத்தைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் ஸ்பெஷல் நாடகத்தின் உரையாடல் பெரும்பாலும் மேடையிலேயே பிறப்பது. எழுத்தில் இல்லாததை முன்கூட்டியே எப்படித் தணிக்கை செய்வது? ஆகவே பாட்டைத் தடுக்க முடியாதபோது பாடியவரைப் பிடித்தார்கள். 29 முறை கைதானார் என்பர்.

அரசு மட்டுமா அவரை ஒடுக்கியது? நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு இணைந்து நடிக்க மறுத்த கலைஞர்களும் இருந்தனர். முருக வேடத்தில் அவரைக் கைகூப்பித் தொழுத சமூகம்தான், வேடம் கலைந்ததும் அவரது சாதியை நினைவுபடுத்தியது. சிறைக்கதவாவது ஒருநாள் திறக்கும்.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அந்த வேடத்துடனேயே இறுதி ஊர்வலம் சென்றது.

திருமங்கலத்தில் இன்று அவருக்கு அரசு நினைவு இல்லம் உண்டு. எழுதப்படாததால் தணிக்கைக்குத் தப்பிய அவரது மேடைப் பேச்சு, எழுதப்படாததாலேயே நமக்கும் கிட்டாமல் போயிற்று. கைதுகளின் எண்ணிக்கையை நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் கைதுகளுக்குக் காரணமான கலையைத்தான் இழந்துவிட்டோம்.