அழுத்தி விட்டால் போதும்! - ஒரு தூண்டில் ரீலும் நம்ம ஸ்ரீபெரும்புதூரும்

வெடிகுண்டு தயாரித்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனி, ஒரு நாள் தூண்டில் ரீல் தயாரிக்க ஆரம்பித்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா என்ற ஊரில். அந்த ரீலை வைத்துத்தான் அங்கே இரண்டு மூன்று தலைமுறைக் குழந்தைகள் தங்கள் முதல் மீனைப் பிடித்தார்கள். இன்று தலை நரைத்துவிட்ட அவர்கள், அதே பழைய ரீலைத் தேடிப் பிடித்து வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு அலமாரியில் வைக்கிறார்கள்.

இதற்கும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் இருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. முதலில் கதையைப் பார்த்துவிடுவோம்.

ரீல் எதற்கு?

நம் ஊர் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர்களில் பலரிடம் ரீல் இருக்காது. ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் நரம்பு, தக்கை, முள், மண்புழு. அவ்வளவுதான். கழியும் நரம்பும் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் முள் போகும். ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் அது தாராளம். ஆனால் கரையிலிருந்து முப்பது நாற்பது அடி தாண்டி வீச வேண்டுமென்றால் நீளமான நரம்பு வேண்டும். அதைச் சுற்றி வைக்க ஓர் உருளை வேண்டும். அதுதான் ரீல்.

இது ஐரோப்பியர் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். சீன ஓவியர் மா யுவான் 1195-ஐ ஒட்டி வரைந்ததாகக் கருதப்படும் ஓர் ஓவியத்தில், படகில் தனியாக உட்கார்ந்திருக்கும் மீனவரின் தூண்டிலில் ரீல் இருக்கிறது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய ரீல் படங்களில் அதுவும் ஒன்று. நம் சென்னை மாகாணத்தில் ரீல் வைத்த தூண்டிலைப் பற்றி விரிவாக எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1873-ல் இந்திய மீன்பிடிப்பு பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1887-ல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொன்று எழுதினார். ஆக, அந்தக் காலத்தில் இங்கே ரீல் என்பது துரைமார் சாமான்!

பழைய ரீலின் தலைவலி

அந்த நாள் ரீல்களில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நீங்கள் வீசும்போது உருளையும் சேர்ந்து சுழலும். முள் காற்றில் போகப்போக வேகம் குறையும். உருளையோ அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மிச்சம் வரும் நரம்பு உள்ளேயே கொத்துக் கொத்தாகச் சிக்கி, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆகிவிடும். காத்தாடி விட்டவர்களுக்கு, லொட்டாய் கட்டுக்கடங்காமல் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைத் தடுக்கக் கட்டைவிரலை உருளை மேல் வைத்து, பிரேக் போடுவது மாதிரி மெல்ல அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது கைப்பழக்கம், வருஷக்கணக்கில் வருவது. சின்னப் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கும் அது வராது.

1905-ல் இங்கிலாந்தில் ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்ற ஜவுளி மில்காரர் இதற்கு ஒரு வழி கண்டார். மில்லில் நூல் பாபினிலிருந்து எப்படி வருகிறது? பாபின் சுற்றாமல் நிற்க, நூல் அதன் விளிம்பைத் தாண்டி வழிந்து வருகிறது. ரீலிலும் உருளையை அசையாமல் நிறுத்திவிட்டால் சிக்கல் ஏது? அருமையான யோசனை. ஆனால் நரம்பு வெளியே திறந்து கிடக்கும். விரலால் பிடித்து, சரியான நேரத்தில் விடவும் தெரிய வேண்டும்.

மளிகைக்கடை நூல்கண்டு

இப்போதுதான் நம் கதாநாயகர் வருகிறார். ஆர்.டி. ஹல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்காரர். கடிகாரம் பழுது பார்ப்பவர். நம் பழைய மளிகைக்கடைகளில் பொட்டலம் கட்டுவதற்கு மேலே தொங்கும் நூல்கண்டு நினைவிருக்கிறதா? கடைக்காரர் இழுக்க இழுக்க நூல் வந்துகொண்டே இருக்கும். ஆனால் கண்டு சுற்றாது. அதே மாதிரி காட்சியை ஹல் அவர் ஊர்க் கடையில் பார்த்தார், சட்டென்று பிடித்துக்கொண்டார். ஒரு பிளைவுட் துண்டில் வட்டமாக ஆணி அடித்து உருளை செய்து, நரம்பு வெளியே நழுவாமல் இருக்க காப்பிப் பொடி டப்பாவின் மூடியைப் பொருத்தினார். இதுதான் முதல் மாதிரி.

அதை எடுத்துக்கொண்டு 1947-ல் அவர் போன இடம்தான் ஜீரோ அவர் பாம் கம்பெனி. 1932-ல் டல்சாவில் தொடங்கப்பட்டது. போருக்கான குண்டு அல்ல. எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கி, குறித்த நேரத்தில் வெடிக்கவைத்து, பாறையைப் பிளந்து எண்ணெய் வரவழைக்கும் மின்சார டைம் பாம்.

பி.காம். படிக்கிறவனுக்கு இந்த இடம்தான் ருசியான இடம். கம்பெனியின் காப்புரிமைகள் காலாவதியாகும் கட்டத்தில் இருந்தன. அதற்கு மேல், அதிக அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பாறையைப் பிளக்கும் புதிய முறை 1949 மார்ச்சில் வணிகரீதியாக வந்துவிட்டது. கையில் பட்டறை இருக்கிறது, நுட்பமான வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், விற்கத்தான் பொருள் இல்லாமல் போகப்போகிறது. அந்த நேரத்தில் ஒருவர் காப்பி டப்பா மூடியோடு வந்து நிற்கிறார்! அவரை வாசலோடு திருப்பி அனுப்பாமல் வேலைக்கு வைத்துக்கொண்டார்களே, அதுதான் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது. 1949 மே 13 அன்று முதல் ரீல் தயாரானது.

பித்தான் வந்த கதை

1954-ல் வந்த ‘33’ என்ற மாடல்தான் பேர் வாங்கியது. மூடிய கூம்பு, பின்னால் ஒரு பித்தான். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், வீசும்போது விட்டுவிடுங்கள், நரம்பு கூம்பின் நடுத்துளை வழியாக ஓடிவிடும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே ஒரு சிறிய ஊசி வெளியே நீட்டி நரம்பைப் பிடித்து, உருளையில் சுற்ற ஆரம்பிக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்த வகைக்குத்தான் ஸ்பின்காஸ்ட் ரீல் என்று பெயர்.

குறைகளும் உண்டு. நரம்பு கூம்பில் உரசுவதால் ரொம்ப தூரம் போகாது. உருளை சின்னது, அதிக நரம்பு கொள்ளாது. மூடிக் கிடப்பதால் உள்ளே ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும். தேர்ந்த தூண்டில்காரர்கள் இதைக் குழந்தை சாமான் என்று ஒதுக்கினார்கள். ஆனால் சந்தை என்பது தேர்ந்தவர்கள் மட்டும் இல்லையே!

1956-ல் கம்பெனி தன் பெயரை ஜெப்கோ என்று சுருக்கிக்கொண்டது. இதற்கு ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு ஒரு ரீல் அனுப்பினார்களாம். பார்சல் மேல் ‘பாம் கம்பெனி’ என்று இருந்ததைப் பார்த்த பாதுகாப்புக்காரர்கள் அதைத் தண்ணீரில் முக்கிவிட்டார்களாம் :-) கதை எவ்வளவு நிஜமோ, பழைய பெயர் பொறித்த ரீல் கிடைத்தால் சேகரிப்பவர்களுக்கு இன்றும் கொண்டாட்டம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1954-ல் அந்த 33-ன் விலை 19.50 டாலர். அமெரிக்க விலைவாசிக் குறியீட்டை வைத்துப் பார்த்தால், 2024 கணக்கில் அது 220 டாலருக்கு மேல். ஆனால் இன்றும் அதே பெயரில் ஒரு ரீல் ஏறக்குறைய 20 முதல் 30 டாலருக்குக் கிடைக்கிறது. அதாவது எழுபது வருஷத்தில் உண்மையான விலை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

இது எப்படி முடிந்தது? காஸ்ட் ஷீட்டில் இருப்பது மூலப்பொருள், கூலி, மேற்செலவு. மூலப்பொருளில் உலோகம் இருந்த இடங்களுக்குப் பிளாஸ்டிக் வந்தது. கூலியில் கைவைக்க, தொழிற்சாலையையே நகர்த்த வேண்டியிருந்தது. 1961-ல் ஜெப்கோவை பிரன்ஸ்விக் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. 2001-ல் அது டபிள்யூ.சி. பிராட்லி நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த ஆண்டுகளை ஒட்டி டல்சாவில் நடந்த தயாரிப்பு சீனாவுக்குப் போய்விட்டது. அலுவலகம் டல்சாவில், தொழிற்சாலை கடல் கடந்து. மா யுவான் ஓவியத்திலிருந்து கிளம்பிய ரீல், எண்ணூறு வருஷம் சுற்றிவிட்டு அதே நாட்டுக்குத் திரும்பியது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய ரீல்களைச் சேகரிப்பவர்களுக்கென்று அமெரிக்காவில் 1990-லிருந்து ஒரு சங்கமே இருக்கிறது. 33 மாதிரி லட்சக்கணக்கில் விற்ற ரீலுக்குப் பெரிய விலை ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் வாங்குகிறார்கள். அந்தக் கனம் இப்போது இல்லை, அந்தச் சத்தம் இல்லை, திருகைக் கழற்றி நாமே சரிசெய்யலாம், ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று அடியில் இருக்கிறது என்பார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கனத்துக்கு 220 டாலர் கொடுக்க எத்தனை பேர் தயாராக இருந்திருப்பார்கள்? பழைய தரமும் வேண்டும், புதிய விலையும் வேண்டும் என்றால் கணக்கு இடிக்கிறது.

இனி நம் ஊர்

இப்போது ஒரகடத்துக்கு வருவோம். டல்சாவுக்கு நடந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊருக்கும் நடந்தது. ராயல் என்ஃபீல்டு அந்த ஊர் வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-களின் தொடக்கத்துக்குள் ஆங்கிலக் கம்பெனியே இல்லாமல் போனது. 1977-ல் இங்கே செய்த புல்லட் அதே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகப் போனது! 2013-ல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை. பழைய தோற்றம், பழைய சத்தம் என்று இங்கிலாந்துக்காரர் ஏங்கும் பொருளை இன்று செய்துகொடுப்பது நம் பக்கத்து ஆட்கள். நம்மவர்களிலும் வார்ப்பிரும்பு எஞ்சின் போட்ட பழைய புல்லட்தான் புல்லட் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு.

அதாவது, ஓர் ஊர் இழந்ததை நாம் பெற்றோம். அடுத்தவர் நாஸ்டால்ஜியா நமக்குச் சம்பளம். இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இதே சாலையில் மறுபக்கமும் நடந்திருக்கிறது.

நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கியது. 2011-க்குள் 50 கோடி ஃபோன் செய்து முடித்திருந்தது. உச்சத்தில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், சுற்று வட்டார கிராமங்களிலிருந்தும் தூர மாவட்டங்களிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள். 2013-ல் வரித் தகராறு. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் ஃபோன் தொழிலை மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டபோது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. இருபதுகளில் இருந்தவர்களுக்கு ‘விருப்ப ஓய்வு’ கொடுத்தார்கள். ஓய்வு பெறும் வயதா அது? 2014 நவம்பர் 1-ல் ஆலை நின்றது. 2019-ல் சார்ஜர் செய்யும் சால்காம்ப் அந்த இடத்தை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்து, மறுபடி அங்கே வேலை நடக்கிறது.

நோக்கியாவை இன்று எல்லோரும் பாசத்தோடு பேசுகிறார்கள். 2003-ல் வந்த 1100 மாடலின் டார்ச், எத்தனை தடவை கீழே விழுந்தாலும் உடையாத உடம்பு, நாலைந்து நாள் நிற்கும் சார்ஜ், பாம்பு விளையாட்டு. அதுவும் ஒரு 33 ரீல்தான். தேர்ந்தவர்களுக்கு அல்ல, எல்லோருக்கும் என்று செய்த பொருள். ஆனால் இந்தப் பேச்சில் எங்காவது அசெம்பிளி லைனில் நின்ற அந்தப் பெண்கள் வருகிறார்களா? வருவதில்லை. டல்சா ரீலின் கதையிலும் ஹல் வருகிறார், ஐசனோவர் வருகிறார், வரிசையாக உட்கார்ந்து ஊசியையும் பல்சக்கரத்தையும் கோத்தவர்கள் வருவதில்லை.

நாஸ்டால்ஜியாவின் குறை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது வாங்கியவரின் ஞாபகம். செய்தவரின் ஞாபகம் அதில் இல்லை. பொருள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, பொருள் பிறந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. இன்று நம் பகுதியில் கார், பைக், கண்ணாடி, ஐஃபோன் வரை எல்லாம் தயாராகிறது. இருபது முப்பது வருஷம் கழித்து இவற்றையும் யாராவது ஆசையாகத் துடைத்து வைப்பார்கள். அப்போது ஒரகடத்தில் என்ன இருக்கும் என்பதை முடிவுசெய்யப் போவது அந்த ஆசை அல்ல, அன்றைய காஸ்ட் ஷீட். வேலை இருக்கும்போதே வேறு தொழிலும் கற்றுக்கொள்ள வழி இருக்க வேண்டும். வெடிகுண்டுக் கம்பெனி பிழைத்தது அப்படித்தான், பழைய பொருள் சாவதற்கு முன்பே அடுத்ததைக் கையில் எடுத்ததால்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய நோக்கியா ஏதாவது கிடந்தால், பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்துப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன லேபிளில் எங்கே செய்தது என்று இருக்கும். ‘மேட் இன் இந்தியா’ என்று இருந்தால், அது ஸ்ரீபெரும்புதூர் ஷிஃப்டில் ஒரு பெண் கைபட்டு வந்ததாகத்தான் இருக்கும்.