இடி ‘டிக்’ ஆன கதை

1969 அக்டோபர் 16. பர்மிங்ஹாமிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் லண்டனின் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்திருந்தது ஒரே ஒரு நாள். மேடையில் வாசிப்பதைப் போலவே பாடல்களை வரிசையாக வாசித்து, சுமார் 12 மணி நேரத்தில் முழு ஆல்பத்தையும் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் அது. ஹெவி மெட்டல் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள் ரசிகர்கள்.

குழுவின் டிரம்மர் பில் வார்டு, ஜீன் க்ரூபா, பட்டி ரிச் போன்ற ஜாஸ் ஜாம்பவான்களைக் கேட்டு வளர்ந்தவர். அந்த ஆல்பத்தில் அவருடைய டிரம்ஸ், ஓர் அறைக்குள் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது போலவே கேட்கிறது. காலால் மிதிக்கும் பாஸ் டிரம் ‘தும்’ என்று விழுந்து, சற்றே நீண்டு, பாஸ் கிட்டாரோடு கலந்து மறைகிறது. இருபது ஆண்டுகள் கழித்து வந்த மெட்டல் ஆல்பங்களிலோ அதே பாஸ் டிரம் தட்டச்சுப் பொறியைப் போல ‘டிக் டிக்’ என்கிறது. இடையில் நடந்ததற்கு ரசனையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. டிரம்மர்களை இந்தப் பக்கம் நெட்டித் தள்ளியது, கூடவே வாசித்த கிட்டார்.

கிட்டாரின் தடித்த கம்பியை வழக்கமான சுருதியில் மீட்டினால் சுமார் 82 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். பாஸ் டிரம்மின் அடிநாதம் பெரும்பாலும் 50க்கும் 80க்கும் நடுவே விழும். மூன்று வாத்தியங்களுக்கும் ஒரே இடத்தில்தான் ஜாகை. தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த சபாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி, 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் பல பாடல்களில் கம்பிகளை மூன்று அரைச்சுரம் தளர்த்திக்கொண்டார். 82 ஹெர்ட்ஸ் 69 ஆனது. போதாக்குறைக்கு டிஸ்டார்ஷன் வேறு. அது கிட்டாரின் ஒலியை மேலும் கீழும் பரப்பி நிரப்பியது. கிட்டார் இறங்க இறங்க, பாஸ் டிரம் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ள மேலே, 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம், புதிதாக ஓர் இடம் தேட வேண்டியிருந்தது. அந்தப் பகுதியில் ஒலிப்பது தோலின் அதிர்வைவிட அதன்மேல் ஏதோ ஒன்று மோதும் சத்தம்தான்.

மோதுவதற்கான கருவி முன்பே தயாராக இருந்தது. சிகாகோவின் லுட்விக் சகோதரர்கள் 1909இல் வேகமாக மிதிக்கக்கூடிய பாஸ் டிரம் பெடலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கால்களுக்கும் இரண்டு பாஸ் டிரம் என்ற யோசனையை 1940களில் மேடையேற்றியவர் ஜாஸ் டிரம்மர் லூயி பெல்சன். கன்றுத்தோல் ஈரக்காற்று பட்டால் தொய்ந்துபோகும். 1957இல் ரெமோ பெல்லி மைலார் பிளாஸ்டிக் தோலைப் பெருமளவில் விற்கத் தொடங்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. மழையோ வெயிலோ, எவ்வளவு பலமாக அடித்தாலும் தாங்கும் தோல் இல்லாமல் மெட்டல் டிரம்மிங்கைக் கற்பனை செய்யவே முடியாது.

ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய டிரம் ஒலி என்றாலே பெரிய அறை என்றுதான் பொருள். லெட் செப்பலின் குழுவின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாடலுக்காக ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஜான் பான்ஹாமின் லுட்விக் டிரம்ஸை நிறுத்தினார்கள். ஒலிப்பதிவாளர் ஆன்டி ஜான்ஸ் மேல்படிகளிலிருந்து இரண்டு பேயர்டைனமிக் எம் 160 மைக்குகளைத் தொங்கவிட்டார். பாஸ் டிரம்முக்கென்று தனி மைக் கிடையாது. படிக்கட்டும் சுவர்களும் சேர்ந்து எழுப்பிய அந்த ஒலியைப் பின்னாளில் எத்தனையோ ஹிப்-ஹாப் கலைஞர்கள் வெட்டியெடுத்துப் பயன்படுத்தினார்கள்.

பான்ஹாம் அந்தப் பாடலை நிதானமாக வாசித்தார். அடிக்கும் அடிக்கும் நடுவே எதிரொலி ஓய்வதற்கு நேரம் இருந்தது. வேகம் கூடினால் இந்த உத்தி உடைந்துவிடும். நிமிடத்துக்கு 200 தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு அடி என்று இரண்டு கால்களாலும் மிதித்தால், ஒரு நொடிக்கு 13 அடிக்கு மேல் வருகிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 75 மில்லி செகண்ட். ஒரு நொடி எதிரொலிக்கும் கூடத்தில் அதை வாசித்தால் பதின்மூன்று அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் உறுமலாகிவிடும்.

அந்த வேகம் வந்துகொண்டிருந்தது. 1977இல் ஜூடாஸ் பிரீஸ்டின் ‘சின் ஆஃப்டர் சின்’ ஆல்பத்துக்காக ஸ்டுடியோ கலைஞராக அழைக்கப்பட்ட இளம் சைமன் பிலிப்ஸ், இரட்டை பாஸ் டிரம்மை மெட்டலுக்குள் திறமையாகக் கொண்டுவந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து மோட்டர்ஹெட் குழுவின் ஃபில் டெய்லர், புதிதாக இரண்டாவது பாஸ் டிரம்மை வாங்கி, இரண்டு கால்களையும் ஓடவிட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது மற்ற இருவரும் அதோடு சேர்ந்துகொள்ள, ‘ஓவர்கில்’ பாடல் பிறந்தது. ஒரு பயிற்சியே பாடலானது. அந்தப் பாடல் அடுத்த தலைமுறை டிரம்மர்களுக்குப் பாடமானது.

எண்பதுகளின் ஸ்டுடியோக்கள் மைக்கைத் தூரத்திலிருந்து அருகே கொண்டுவந்தன. பாஸ் டிரம்மின் முன்தோலில் ஓட்டை போட்டு, உள்ளே போர்வையோ தலையணையோ திணித்து, மைக்கை, பெடலின் அடிக்கும் முனையான பீட்டர் மோதும் இடத்துக்குப் பக்கத்தில் நீட்டினார்கள். அதுவரை ஏகேஜி டி 12 மைக் கோலோச்சிய இந்த வேலைக்கு, அதே நிறுவனத்தின் டி 112 வந்து சேர்ந்தது. கையால் அடிக்கும் ஸ்நேர் டிரம்முக்கு ஷூர் எஸ்எம் 57, டாம்களுக்கு சென்ஹைசர் எம்டி 421 என்ற கூட்டணி இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

தீராத தலைவலி சிம்பல்கள்தான். பலமாக அடிக்கும் சிம்பலின் சீறல் எல்லா மைக்குகளுக்குள்ளும் புகுந்துவிடும். 1983இல் ஸ்லேயரின் முதல் ஆல்பமான ‘ஷோ நோ மெர்சி’யைப் பதிவுசெய்தபோது, தயாரிப்பாளர் பிரையன் ஸ்லேகல் இதற்கு அஞ்சி, டிரம்மர் டேவ் லம்பார்டோவைச் சிம்பல் இல்லாமல் வாசிக்கச் சொன்னார், சிம்பல்களைப் பிறகு தனியாகச் சேர்த்தார்கள். கை போகும் இடத்தில் சிம்பலே இல்லாமல் அந்த வேகத்தில் வாசிப்பது எவ்வளவு சங்கடம் என்பது டிரம்ஸ் வாசித்தவர்களுக்குத் தெரியும். மேடையில் பைஸ்டே ரூட் போன்ற கனத்த சிம்பல்களை நம்பும் டிரம்மர்கள், ஸ்டுடியோவில் சற்று மெல்லிய, சீக்கிரம் அடங்கும் சிம்பல்களுக்கு மாறுவதற்கும் காரணம் இந்தக் கசிவுதான்.

அதே 1983இல் கலிஃபோர்னியாவின் டிரம் வொர்க்‌ஷாப் நிறுவனம் 5002 என்ற இரட்டை பெடலை வெளியிட்டது. இடது காலின் மிதியை ஒரு தண்டு வலது பக்கத்தோடு இணைக்கும்; இரண்டு பீட்டர்களும் ஒரே பாஸ் டிரம்மில் அடிக்கும். தூக்கிச் செல்வது எளிது என்பது ஒருபுறம். ஒலிப்பதிவாளர்களுக்கு இதில் வேறொரு நிம்மதி இருந்தது. இரண்டு பாஸ் டிரம்களை எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் இடதும் வலதும் ஒன்றுபோல் ஒலிக்காது. ஒரு டிரம், ஒரு தோல், ஒரு மைக் என்றால் அந்தச் சிக்கலே இல்லை. மேடையில் இரண்டு பாஸ் டிரம்களை அடுக்கிவைத்து மிரட்டும் பலர், பதிவின்போது ஒன்றை ஓரங்கட்டிவிடுவது இதனால்தான்.

1986இல் ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பத்தைத் தயாரிப்பாளர் ரிக் ரூபினும் ஒலிப்பதிவாளர் ஆன்டி வாலஸும் ஏறக்குறைய எதிரொலியே இல்லாமல் பதிவுசெய்தார்கள். முந்தைய ஆல்பத்தில் வழிந்த ரீவெர்ப் துடைத்து எடுக்கப்பட்டது. மொத்தமே சுமார் 29 நிமிடம். அதன் முதல் பாடலான ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’தில் எல்லோரும் நிறுத்தியபின் லம்பார்டோவின் கால்கள் மட்டும் ஓடும் சில நொடிகளில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கிறது.

காலுக்கு இவ்வளவு என்றால், கைக்கு ஸ்நேர். 1985இல் கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில் மெட்டாலிக்கா ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பதிவைத் தொடங்கியபோது, டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கின் ஸ்நேர் ஒலி யாருக்கும் திருப்தியாக இல்லை. டெஃப் லெப்பர்டு குழுவின் ரிக் ஆலனிடம் ஒரு லுட்விக் பிளாக் பியூட்டி ஸ்நேர் இருந்தது. இரண்டு குழுக்களுக்கும் ஒரே மேலாளர்கள் என்பதால் அது கடனாக வந்துசேர்ந்தது. 1984இன் கடைசி நாளில் நடந்த கார் விபத்தில் இடது கையை இழந்திருந்த ஆலன், அந்தக் காலகட்டத்தில் இடது கையின் வேலையைக் காலால் செய்யும் எலெக்ட்ரானிக் டிரம்ஸைப் பழகிக்கொண்டிருந்தார். 1986இல் அவர் மேடைக்குத் திரும்பி வந்தார்.

மெட்டாலிக்காவின் அடுத்த ஆல்பமான ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ 1988இல் வந்தபோது, பாஸ் டிரம்மில் ‘டிக்’ முழுமையாகக் குடியேறியிருந்தது. வறண்ட, கூரான, அடிநாதம் குறைந்த ஒலி. புதிதாகச் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பாஸ் கிட்டார் ஏறக்குறைய காணாமலே போனது. ரசிகர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். 1991இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஒன் ஆன் ஒன் ஸ்டுடியோவில் பாப் ராக்கைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டு அதே குழு மறுபக்கம் திரும்பியது: வேகம் குறைந்தது, அறையின் ஒலி திரும்பி வந்தது, டிரம்ஸ் கனத்தது. 2003இன் ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்திலோ உல்ரிக் ஸ்நேரின் அடிக்கம்பிகளைத் தளர்த்திவிட்டு, தகர டின்னைத் தட்டியது போன்ற ஒலியோடு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

‘டிக்’கை வேண்டுமென்றே கலையாக்கியவர் டெக்ஸஸின் வின்னி பால். நாட்டுப்புற ‘கன்ட்ரி’ பாடல்களைத் தயாரித்த தந்தை ஜெரி ஆபட்டின் பான்டீகோ சவுண்ட் ஸ்டுடியோவில் வளர்ந்த இவருக்கு, டிரம் அடிப்பதோடு அதைப் பதிவுசெய்வதும் கைவந்திருந்தது. 1992இல் பான்டெரா குழுவின் ‘வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர்’ ஆல்பத்தில் பாஸ் டிரம் வயிற்றிலும் காதிலும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. இந்த ஒலிக்கான செய்முறை டிரம்மர்களிடையே வேகமாகப் பரவியது: கம்பளி பீட்டருக்குப் பதில் மரம் அல்லது பிளாஸ்டிக்; தோலில் பீட்டர் படும் இடத்தில் கடினமான வில்லை. வில்லை கிடைக்காதவர்கள் நாணயத்தை டேப்பால் ஒட்டினார்கள். கலவை மேசையில் 300–400 ஹெர்ட்ஸ் பகுதியைக் குறைத்து, மேலே கூட்டினால் வேலை முடிந்தது.

ஃப்ளோரிடாவின் டாம்பாவில் மோரிஸ் சகோதரர்கள் நடத்திய மோரிசவுண்ட் ஸ்டுடியோ, டெத் மெட்டலின் தலைமையகமானது. மார்பிட் ஏஞ்சலின் பீட் சாண்டோவல் போன்றவர்களின் வேகத்தில் கால் ஒவ்வொரு முறையும் ஒரே பலத்தோடு விழுவது கடினம். சில அடிகள் மெலிந்து கிட்டாருக்கு அடியில் புதைந்துவிடும். இதற்கு விடையாக வந்தது ட்ரிக்கர். டிரம்மின் விளிம்பில் பொருத்தும் சிறிய உணர்கருவி, அடி விழுந்ததும் மின்சைகை அனுப்பும்; முன்பே பதிவுசெய்த ஒலியை அலெசிஸ் டி 4 போன்ற பெட்டி எழுப்பும். எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் ஒரே அளவு ‘டிக்’. இதை ஏமாற்று என்றவர்களும் உண்டு. ட்ரிக்கர் தாளத்தைச் சரிசெய்யாது, தப்பாக மிதித்தால் அந்தத் தப்பையும் உரக்கவே சொல்லும் என்பது டிரம்மர்களின் பதில்.

எல்லோரும் இரட்டை பெடல் வழியில் போய்விடவில்லை. அயர்ன் மெய்டனின் நிக்கோ மெக்பிரெய்ன், 1983இல் பஹாமாஸின் காம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவில் பதிவான ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ ஆல்பத்தின் முதல் பாடலிலேயே ஒற்றைப் பெடலில் ஒற்றை வலது காலால் செய்த வித்தையை, இரண்டு கால்களால் செய்ததாகவே பலரும் நினைத்தார்கள். அவர் இரட்டை பெடலைத் தொட்டது 2003இல், ‘ஃபேஸ் இன் தி சேண்ட்’ என்ற பாடலுக்கு.

கிட்டாரும் இறங்குவதை நிறுத்தவில்லை. ஸ்வீடனின் மெஷுகா குழு எட்டுக் கம்பி கிட்டாரைச் சுமார் 44 ஹெர்ட்ஸ் வரை இறக்கியது. அது கிட்டத்தட்ட பாஸ் கிட்டாரின் தரைமட்டம். அந்தக் குழுவின் டிரம்மர் தோமஸ் ஹாக்கெ அடித்த ஒலிகளைக் கொண்டு டூன்ட்ராக் நிறுவனம் ‘டிரம்கிட் ஃப்ரம் ஹெல்’ என்ற ஒலித் தொகுப்பை விற்றது. 2005இல் வந்த ‘கேட்ச் தர்ட்டித்ரீ’ ஆல்பத்தில் டிரம்ஸ் முழுவதையும் குழுவினர் அந்த ஒலிகளைக் கொண்டு கணினியிலேயே அமைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ‘ஆப்ஸென்’ ஆல்பத்துக்கு ஹாக்கெ மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அதில் ‘பிளீட்’ என்ற ஒரு பாடலின் கால்வேலைக்காக மட்டும் அவர் நீண்டகாலம் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது.

இன்றைய மெட்டல் பதிவுகளில் நேரடி வாசிப்பு, முன்பே பதிவுசெய்த ஒலி என்ற இரண்டு வழிகளும் ஒன்றாகிவிட்டன. டிரம்மர் புதுத் தோல் மாட்டி, சுருதி சேர்த்து, பாடல்களை வாசிப்பார். வாசிப்பு முடிந்ததும், மைக்குகளை அசைக்காமல், ஒவ்வொரு டிரம்மையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று தனித்தனியே அடிக்கச் சொல்வார்கள். அந்த ஒற்றை அடிகளைக் கலவையின்போது வேகமான பகுதிகளின் அடியில் சேர்ப்பார்கள். பாஸ் டிரம்மின் தோலையும் பீட்டரையும் தேர்ந்தெடுப்பதற்குப் பதிவுக்கு முன் ஒரு நாள் முழுவதும் போவது இப்போதும் சகஜம்.