அடக்கி வாசித்த வென்டிலேட்டர்

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டையோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. கருவிலேயே குடல் அந்த வழியாக மேலேறி நெஞ்சுக்குள் இடம்பிடித்துவிடுவதால், நுரையீரல் வளர இடமில்லாமல் போகிறது.

1946இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ், பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்து பிழைக்க வைத்ததைப் பதிவு செய்தார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இதை அவசர அறுவையாகவே நடத்தினார்கள். ஓட்டையைச் சரியாகத் தைத்த பிறகும் குழந்தைகள் இறந்தன. வளராத நுரையீரலும் அதன் இறுகிய ரத்தக் குழாய்களும் தையலுக்குக் கட்டுப்படவில்லை.

அடுத்து வென்டிலேட்டரை நம்பினார்கள். வேகமாக மூச்சூட்டிக் கரியமில வாயுவை வெளியேற்றினால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும், இறுகிய குழாய்கள் தளரும் என்பது கணக்கு. குழந்தை எதிர்த்து மூச்சுவிடாதபடி தசைகளை மருந்தால் முடக்கிவைத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் எண்கள் அழகாக வந்தன. ஆனால் அந்த அழுத்தத்தில் பிஞ்சு நுரையீரல் கிழிந்து, நெஞ்சறைக்குள் காற்று கசிந்தது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜென்-டியன் வுங் எதிர்த்திசையில் போனார். எண் கொஞ்சம் கெடலாம், நுரையீரல் கெடக்கூடாது என்பது அவர் கட்சி. பிறந்த பிறகும் நுரையீரலுக்குப் போதிய ரத்தம் பாயாமல் கடுமையாகத் திணறிய 15 குழந்தைகளுக்கு, மிகையாக மூச்சூட்டாமலும் தசைகளை முடக்காமலும் அவர் குழு சிகிச்சை அளித்தது. 15 பேரும் பிழைத்தார்கள். 1985இல் இது கட்டுரையாக வந்தது.

அறுவை மருத்துவர் சார்லஸ் ஸ்டோலாரோடு சேர்ந்து இதே முறையை உதரவிதான ஓட்டையுள்ள குழந்தைகளுக்கும் கொண்டுவந்தார்கள். குழந்தை தானே மூச்சுவிட, கருவி துணைக்கு மட்டும் நின்றது. நிலைமை சீரான பிறகே அறுவை. 2002இல் அந்த மருத்துவமனை வெளியிட்ட 120 குழந்தைகளின் கணக்கில் முக்கால்வாசிப் பேர் பிழைத்திருந்தார்கள்.

இன்று ஐரோப்பிய வழிகாட்டுதல் ரத்தத்தில் கரியமில வாயு அளவை 50 முதல் 70 மில்லிமீட்டர் பாதரசம் வரை அனுமதிக்கிறது. இயல்பான அளவு 35 முதல் 45தான். பிரசவ அறையிலும் இதே கவனம் தேவை. முகமூடி வைத்துப் பையை அழுத்தினால் காற்று இரைப்பைக்கும் போகும். நெஞ்சுக்குள் இருக்கும் குடல் உப்பி நுரையீரலை இன்னும் நசுக்கும். அதனால் திணறும் குழந்தைக்கு முகமூடியைத் தவிர்த்து நேரே மூச்சுக்குழலில் குழாய் இடுகிறார்கள். வயிற்றுக் காற்றை உறிஞ்ச இன்னொரு குழாய். வென்டிலேட்டர் அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.