பழைய பைக் வாங்கினால் வரி எவ்வளவு? வண்டி யாருக்குச் சொந்தம்?



என்னிடம் படித்த தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். தெரிந்தவரிடம் பழைய பைக் ஒன்றை விலை பேசி முடித்துவிட்டாராம். "சார், இதுக்கு மேல வரி எவ்வளவு ஆகும்? பேர் மாத்தாமலே ஓட்டினா என்ன சார்?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். இது பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் நாடு முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. வண்டியைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும் என்ற இரண்டும் அதில் உண்டு. வரி தனிக் கதை. சென்னை மாகாணத்தில் 1931-இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. அதற்கு முன் உள்ளாட்சி அமைப்புகள் தனித்தனியாக வரியும் சுங்கமும் வசூலித்தன. மாகாண அரசே ஒரே வரியாக வாங்கிக்கொண்டு, அந்த அமைப்புகளுக்கு ஈட்டுத் தொகை கொடுக்கும் முறையை 1931 சட்டம் கொண்டுவந்தது.

விடுதலைக்குப் பிறகு அரசியலமைப்பும் இதே பாதையில்தான் போனது. வாகன வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மோட்டார் வாகனங்கள் பற்றிய சட்டமோ பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் நாம் இரண்டு விதமாகப் பணம் கட்டுகிறோம். பதிவுக் கட்டணத்தை மத்திய அரசின் விதி முடிவு செய்கிறது. வரியை மாநிலச் சட்டம் முடிவு செய்கிறது. நமக்கு அது 1974-ஆம் ஆண்டு தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம்.

இப்போது தம்பியின் முதல் கேள்விக்கு வருவோம். இருசக்கர வாகனத்துக்கு நம் மாநிலத்தில் ஆயுள் வரி. புதிதாக வாங்கும்போது ஒரே தடவை கட்டுவது. 2023 நவம்பரில் இதை உயர்த்தினார்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். முதல் சொந்தக்காரர் கட்டிய அந்த வரி வண்டியோடு சேர்ந்தே போகும். தமிழ்நாட்டு வண்டியைத் தமிழ்நாட்டிலேயே வாங்குபவர் அதை மறுபடி கட்ட வேண்டியதில்லை. தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதில் ஜி.எஸ்.டி.யும் கிடையாது. மத்திய விதிப்படி பைக் பதிவுக் கட்டணம் 300 ரூபாய். பெயர் மாற்றத்துக்கு அதில் பாதி, 150 ரூபாய். அட்டைக்கும் சேவைக்கும் தனியாகக் கொஞ்சம் ஆகும்.

வண்டி புதுச்சேரியிலோ பெங்களூரிலோ பதிவானது என்றால் கணக்கு வேறு. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும். இங்கே வண்டியின் வயதைப் பார்த்து ஆயுள் வரி கட்ட வேண்டும். விலை மலிவு என்று வாங்கி வருபவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 15 வருடம் முடிந்த வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணத்தை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

ஆக, உள்ளூர் வண்டிக்குச் செலவு சில நூறு ரூபாய்தான். அப்படியும் ஏன் பலர் பெயர் மாற்றுவதில்லை? என் எண்ணம் இது. வருடா வருடம் வரி கட்டிய காலத்தில் வண்டிக்காரர் எப்படியும் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். ஆயுள் வரி வந்தபின் அந்த அவசியம் போய்விட்டது. 29, 30 எண் படிவங்களில் விற்பவர் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஆர்.சி. புக்கும் சாவியும் கை மாறும். வாங்கியவர் அதே காகிதங்களோடு அடுத்தவருக்கு விற்பார். சிலர் 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொண்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

சட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நகர்ந்துவிட்டது என்பதுதான் நான் சொல்ல வந்த வரலாறு. 1939 சட்டத்தில் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில் பதிவைப் பற்றிய பேச்சே இல்லை. தவணையில் வாங்கிய வண்டி என்றால் அதைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர் என்றது. 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை மாற்றியது. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று எழுதிவிட்டது.

சொற்களில் சின்ன மாற்றம்தான். ஆனால் விளைவு பெரிது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த வண்டி பல கை மாறியிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. விபத்து நடந்தபோது வண்டி அவரிடம் இல்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பது அதன் நியாயம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஆகவே பெயர் மாற்றத்துக்கு வாங்குபவரை விட விற்பவர்தான் அவசரப்பட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்பவர் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவருக்கு 30 நாள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. காலமான அப்பா பெயரிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருப்பீர்கள். மரணத்தை 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். காலம் கடந்திருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கே போய்க் கேளுங்கள்.

எப்போதோ பைக்கை விற்றவர்கள் இன்று ராத்திரியே பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்கியவரை உடனே கூப்பிட்டுப் பேசுங்கள்.