ஆடுகளுக்கு என்ன நன்மை?

1966 கோடையில் சால் வொர்த், ஜான் அடைர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அரிசோனாவின் பைன் ஸ்பிரிங்ஸுக்குச் சென்றார்கள். நவஹோக்களின் கையில் 16 மி.மீ. காமிராவைக் கொடுப்பது, இயக்கவும் வெட்டி ஒட்டவும் மட்டும் கற்றுத்தருவது, எதை எடுப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடுவது - இதுதான் திட்டம். சடங்கு வல்லுநரான முதியவர் சாம் யாஸி கேட்டார்: படம் எடுப்பதால் ஆடுகளுக்குக் கெடுதல் உண்டா? இல்லை என்றார்கள். நன்மை உண்டா? அதுவும் இல்லை. பிறகு எதற்குப் படம்?

மானிடவியல் வகுப்புகளில் இது ஒரு வேடிக்கைக் கதையாகவே நிலைத்துவிட்டது. வேடிக்கை அல்ல. மண் அரிப்பைத் தடுப்பதாகச் சொல்லி, 1930களில் அமெரிக்க அரசு நவஹோக்களின் மந்தைகளைப் பெருமளவில் அழித்தது. மந்தைகளில் பெரும்பங்கு பெண்களின் உடைமை. கம்பளி நெசவும் அவர்களுடையதே. வெளியிலிருந்து வரும் எந்தத் திட்டத்தையும் ஆடுகளை வைத்து எடைபோட வரலாறு அந்தக் கிழவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

சூஸி பெனலி தன் தாய் நெய்வதைப் படமாக்கினார். கம்பளி கத்தரித்தல், சாயச் செடி தேடி நடத்தல், நூற்றல் என்று படம் நீள்கிறது. நெய்து முடித்த விரிப்புக்குச் சொற்ப நேரமே. ஹாலிவுட் வெட்டி எறியும் நடைதான் இங்கே நிகழ்ச்சி. முக அண்மைக் காட்சிகள் அரிது. மொழி உலகப் பார்வையை வடிவமைக்கிறது என்ற வொர்ஃபின் கருத்தைத் திரைக்கு நீட்டி, 1972இல் வெளிவந்த 'நவஹோக் கண்களினூடே' என்ற தங்கள் நூலில் ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். ஆனால் ஓவியப் பயிற்சி பெற்ற அல் க்ளாவின் படம், நிழல்களும் முகமூடியுமாக, இந்தச் சட்டகத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. இனத்தின் பார்வை என்று ஒன்றைத் தேடிப் போனால் தனிமனிதன் குறுக்கே வந்து நிற்கிறான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சூஸி பிறகு தன் தாய்க்குக் காமிராவை இயக்கக் கற்றுக்கொடுத்தார். தாயும் ஒரு படம் எடுத்தார். நெசவு தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும். காமிரா மகளிடமிருந்து தாய்க்கு ஏறியது. சோதனை அந்தக் கணத்தில் ஆய்வாளர்களின் கையைவிட்டுப் போய், ஒரு வீட்டுப் பெண்களின் காரியமாகிவிட்டது. பெண்ணியத் திரைப்பட ஆய்வு தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

2002இல் இப்படங்கள் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பட்டியலில் சேர்ந்தன. 2013இல், நவஹோ இனத்தவரான தெரசா மொன்டோயா, இவை சொந்த ஊருக்குத் திரும்பியதைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதற்கு அவர் வைத்த தலைப்பு, ஆடுகளுக்கு நன்மை செய்தல். கிழவரின் கேள்விக்குப் பதில், அதைக் கேட்கத் தெரிந்தவர்களிடமிருந்தே வர வேண்டியிருந்தது.