ஒரு துப்பாக்கி, ரெண்டு பிறந்த வருஷம்: ஃபின்லாந்தின் மோசின்-நாகான் கதை

இன்னைக்குக் கதை ஒரு ஸ்க்ரூ டிரைவர்ல ஆரம்பிக்குது.

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கிற ஒருத்தரோட மேஜையைக் கற்பனை பண்ணிக்கோங்க. அதுமேல ஃபின்லாந்து ராணுவத்தோட எம்/39 ரைஃபிள் ஒண்ணு. குழல் மேல 'சாக்கோ', '1942'னு தெளிவா வெட்டியிருக்கு. சாக்கோ ஒரு ஃபின்லாந்து கம்பெனி. சரி, இது ரெண்டாம் உலகப்போர்ல பிறந்த துப்பாக்கி, அவ்ளோதானேன்னு தோணும். அவர் வளையங்களை நகர்த்தி, ஸ்க்ரூவைக் கழற்றி, மரக்கட்டையிலிருந்து இரும்புப் பாகத்தை மெதுவா தூக்குறார். பின்பக்கம் வால் மாதிரி நீண்டிருக்கிற இடத்தோட அடியில, மரத்துக்குள்ள மறைஞ்சிருந்த இன்னொரு வருஷம் தெரியுது. 1896.

ரெண்டு வருஷமும் நிஜம்தான். ஏன்னா ஃபின்லாந்து மோசின்-நாகான் துப்பாக்கிகளுக்கு ரிசீவரைத் தயாரிச்சதே கிடையாது. ரிசீவர்னா குழலையும் போல்ட்டையும் தாங்குற நடு இரும்பு, துப்பாக்கியோட முதுகெலும்பு. அது எல்லாமே ரஷ்யாவுக்காகச் செய்யப்பட்டது. ரஷ்யாவை எதிர்த்துச் சுட்ட துப்பாக்கியோட முதுகெலும்பு ரஷ்யாவோடது!

இது எப்படி நடந்துச்சு? 1809 முதல் 1917 வரை ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசுக்குக் கீழே இருந்த ஒரு பெரிய டச்சி. ரஷ்யா 1891ல் ஏத்துக்கிட்ட ரைஃபிள்தான் மோசின்-நாகான். ஆரம்பத்துல சொந்தத் தொழிற்சாலைகளால ஈடுகொடுக்க முடியாம, பிரான்ஸ்ல இருக்கிற ஷாத்தெல்ரோ தொழிற்சாலைக்கு 5 லட்சம் துப்பாக்கிகளுக்கு ஆர்டர் போச்சு. முதல் உலகப்போர்ல அமெரிக்காவோட ரெமிங்டன், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிகளும் செஞ்சு கொடுத்தாங்க. அதனால இன்னைக்கு ஒரு ஃபின்லாந்து ரைஃபிளுக்குள்ள பிரெஞ்சு ரிசீவர் வரலாம், அமெரிக்க ரிசீவரும் வரலாம்.

1917 டிசம்பர் 6ஆம் தேதி ஃபின்லாந்து சுதந்திரத்தை அறிவிச்சது. அடுத்த மாசமே உள்நாட்டுப் போர். அங்கேயே இருந்த ரஷ்யப் படைகளோட ஆயுதங்கள்ல பெரும்பகுதி கைமாறினது இந்தக் காலத்துலதான். புது நாடு, கையில காசு இல்லை, ஆனா கிடங்குல மோசின்-நாகான் இருக்கு. தோட்டாவும் பக்கத்து எதிரியோட தோட்டாவே. நாளைக்குச் சண்டை வந்தா பிடிபட்ட தோட்டாவையே திருப்பிச் சுடலாம். அதனால புது வடிவமைப்பைத் தேடாம, இருக்கிறதையே நல்லதாக்கினாங்க. தேய்ஞ்ச குழலைக் கழற்றிட்டு கனமான புதுக் குழல். ரஷ்யப் பழைய சைட்டுல தூரம் 'அர்ஷின்' கணக்குல இருக்கும், அதாவது சுமார் 71 சென்டிமீட்டர் ஒரு அர்ஷின். அதை அழிச்சிட்டு மீட்டர்ல புது எண்களைக் குத்தினாங்க.

இங்கே கொஞ்சம் நிக்கணும். ஏன்னா சேகரிப்பாளர்கள் ஆசை ஆசையா தேடுற ஒரு முத்திரை இருக்கு: 'எஸ்' எழுத்து. சுவோயேலுஸ்குந்தா, அதாவது சிவில் கார்டு என்கிற தன்னார்வப் படையோட முத்திரை. 1918 உள்நாட்டுப் போர்ல ஜெயிச்ச வெள்ளை அணியோட படை இது. அந்தப் போர்லயும் அதுக்குப் பிறகும் செத்தவங்க 36,000 பேருக்கு மேல. அதுல 12,000 பேருக்கு மேல, தோத்துப்போன சிவப்பு அணியினர், கைதி முகாம்கள்ல பசியாலயும் நோயாலயும் செத்தாங்க. ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு இந்த 'எஸ்' அப்பாவைக் கொண்டுபோனவங்களோட அடையாளம்.

அதே படைக்காக லோட்டா ஸ்வார்ட் என்ற பெண்கள் அமைப்பு நிதி திரட்டிக் கொடுத்த ரைஃபிள்தான் எம்/24. 'லோட்டா ரைஃபிள்'னே அதுக்குப் பேரு. அடுத்து வந்த எம்/28-30தான் சிமோ ஹாய்ஹாவோட துப்பாக்கி. ஆமா, இன்டர்நெட்ல மீம் போடுவீங்களே, அதே ஸ்னைப்பர். ராவுட்யார்வி ஊர்க்காரர், சிவில் கார்டு உறுப்பினர், டெலஸ்கோப் இல்லாம சாதா சைட்டுலயே சுட்டவர். 1940 மார்ச் 6ஆம் தேதி தாடையில குண்டு பட்டும் பிழைச்சு, 2002ல 96 வயசுலதான் இறந்தார்.

1939 நவம்பர் 30ஆம் தேதி சோவியத் படை எல்லை தாண்டினப்போ, பழைய சிவப்பும் வெள்ளையும் ஒரே பதுங்குகுழியில நின்னாங்க. தன் ஆட்கள் சிவில் கார்டுல சேரக்கூடாதுன்னு அதுவரை சொல்லிட்டிருந்த சோஷியல் டெமாக்ரடிக் கட்சி, 1940 பிப்ரவரியில அந்த நிலையை மாத்திக்கிச்சு. அப்புறம் 1944ல சோவியத் யூனியனோட போர்நிறுத்தம் வந்தப்போ சிவில் கார்டும் கலைக்கப்பட்டது, லோட்டா ஸ்வார்டும் கலைக்கப்பட்டது. அமைப்பு போச்சு, இரும்புல குத்தின 'எஸ்' மட்டும் நின்னுபோச்சு. 1942லிருந்து ராணுவம் குத்தின, பெட்டிக்குள்ள இருக்கிற 'எஸ்ஏ' முத்திரையும் அதே குழல் மேல இருக்கும்.

எம்/39 பத்தி ஒரு எச்சரிக்கை. அதுவரை ராணுவத்துக்கு ஒரு மாடல், சிவில் கார்டுக்கு வேற மாடல். ரெண்டு பேரும் பொதுவா ஒத்துக்கிட்டது எம்/39. ஆனா பேருல 39 இருக்கே தவிர, பெருமளவுல வந்தது 1941லதான். 'குளிர்காலப் போரில் சுட்ட எம்/39'னு யாராவது விலை சொன்னா சிரிச்சிட்டு நகர்ந்துடுங்க.

போருக்கு அப்புறம் உபரியா விற்கப்பட்ட இந்த ரைஃபிள்கள் நிறைய அமெரிக்கா போச்சு. அங்கே 1898 அல்லது அதுக்கு முந்தின ரிசீவர் இருந்தா, குழல் 1942ஆ இருந்தாலும், மத்திய சட்டப்படி அது 'ஆன்ட்டிக்'. அந்த ஒரு எண்ணுக்காகவே விலை ஏறும். நம்ம மேஜைக்காரர் ஸ்க்ரூவைக் கழற்றினதுக்குக் காரணம் வெறும் வரலாற்று ஆர்வம் மட்டும் இல்லைங்க!

சரி, வாங்கியாச்சு. கட்டை கறுத்துப்போயிருக்கு, கீறல், எண்ணெய்ப் பிசுக்கு. முதல்ல கை எங்கே போகும்? உப்புத்தாளுக்கு. நம்ம வீட்டு அண்டாவுல ஆயாவோட பேரும் வருஷமும் வெட்டியிருக்கும். பாலிஷ் கடையில கொடுத்தா அண்டா பளபளன்னு வரும், பேரு வராது. அதேதான் இங்கேயும். கட்டையில குத்தின முத்திரைகளோட ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நல்லா தேய்ச்சா முடிஞ்சுது. யூனிட் எண் போட்ட வட்டத் தகடு பல கட்டைகள்ல எப்பவோ போயிருச்சு, வெறும் குழிதான் இருக்கும். அந்தக் குழியில புதுசா செஞ்ச போலித் தகட்டை ஒட்டி விக்கிறவங்களும் இருக்காங்க. என்னைக் கேட்டா குழி குழியாவே இருக்கட்டும்.

முன்கட்டையில விரல்கள் கோத்த மாதிரி ஒரு இணைப்பு தெரியும். புதுசா பார்க்கிறவங்க உடைஞ்சதை ஒட்டியிருக்காங்கன்னு நினைச்சு ஏமாற்றமாயிடுவாங்க. அது ஃபின்லாந்துக்காரங்க வேணும்னே செஞ்ச வேலை. நீளமான, குறையில்லாத பிர்ச் மரம் அவ்வளவு தேவைப்படாது, ஈரத்துல கட்டை முறுக்கிக்காது.

தெரிஞ்சவங்க செய்யிறது குறைவு. பழைய கிரீஸை மென்மையா எடுக்கிறது. காய்ஞ்ச கட்டைக்கு, அங்கே அப்போ பூசின மாதிரியே பைன் மரத் தாரும் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து மெல்லிசா ஒரு பூச்சு. குழலுக்குள்ள துரு இருக்கும், பழைய சோவியத் தோட்டாவோட பிரைமர் விட்டுப்போற உப்பு அப்படி. உப்பு எண்ணெய்ல கரையாது. அதனால முதல்ல வெந்நீர், அப்புறம்தான் எண்ணெய்.

கடைசியா, சின்னதா ஒரு விஷயம். ரிசீவரைத் தூக்கும்போது மெல்லிய பித்தளைத் துண்டு ஒண்ணு ரெண்டு கீழே விழலாம். குப்பைன்னு தூக்கிப் போட்டவங்க நிறைய பேர். அப்புறம் 'ஃபின்லாந்து ரைஃபிள் துல்லியம்னாங்களே'ன்னு புலம்பல். இரும்பு கட்டையில ஆடாம, வளையாம உட்காரணும்னு ஃபின்லாந்து ராணுவப் பட்டறைக்காரர் அளந்து வெச்ச துண்டு அது. அவர் பேரு எந்த முத்திரையிலயும் இல்லை.

நம்ம மேஜைக்காரர் 1896ஐ ஒரு போட்டோ எடுத்துக்கிறார். பித்தளைத் துண்டு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ஒரு சீட்டுல எழுதிக்கிறார். அப்புறம் அதை அதே இடத்துல வெச்சு, ஸ்க்ரூவை முடுக்குறார்.